மூசாராமுக்குக் குன்று, எங்க ஆளுக்குக் கயிறு

ஹைதராபாத்தில் மெட்ரோ ரயில் ஏறி எல்.பி.நகர் பக்கம் போனால் மலக்பேட் தாண்டி, தில்சுக்நகருக்கு முன்னால் ஒரு ஸ்டேஷன் வரும். மூசாராம்பாக். அந்தப் பேரை ரயிலில் சொல்லும்போது இறங்குகிறவர்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறவர்கள் ஏறுகிறார்கள். ஒருத்தரும் முகம் சுளிப்பதில்லை. யார் அந்த மூசா ராம்? சாமியாரா, ராஜாவா, தியாகியா? மூணும் கிடையாது. பிரான்சு தேசத்திலிருந்து பிழைக்க வந்த கூலிப்படைத் தளபதி ஒருத்தன். முழுப்பேர் மிஷேல் ஜோவாக்கிம் மரி ரேமோன். 'மொசியே ரேமோன்' என்று வெள்ளைக்காரன் சொன்னதை இந்து வாய் மூசா ராம் என்றும் முஸ்லிம் வாய் மூசா ரஹீம் என்றும் ஆக்கிக்கொண்டது. அந்தப் பக்கத்திலேயே ஒரு குன்றின்மேல் அவன் சமாதி இருக்கிறது.

போன வருஷம் பேங்க் பயிற்சிக்காக இரண்டு வாரம் அந்த ஊரில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ரூமில் படுத்துக்கிடந்தவனை, கூட வந்திருந்த சென்னை ஆபீசர் ஒருத்தர் எழுப்பினார். பழைய கட்டடங்கள் என்றால் உயிரை விடுகிறவர். "வாங்க சார், அபூர்வமான இடம் ஒண்ணு காட்டுறேன்" என்றார். நல்ல மனுஷர். என் கவிதைத் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கியவர். (அப்படி வாங்கியவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். அதில் இவர் ஒருத்தர்.) இந்தக் கட்டுரை அவருக்கும் சேர்த்துத்தான். இதழ் வந்ததும் ஒரு பிரதி அவர் மேசையில் வைப்பேன்.

குன்றின்மேல் அகலமான கல் மேடை. மேடையில் கறுங்கல்லில் கூம்பிக்கொண்டே போகிற ஒரு தூண், இருபத்துமூணு அடி உயரம். தூணில் ஜே, ஆர் என்று இரண்டு ஆங்கில எழுத்து. ஜோவாக்கிம் ரேமோன். அவ்வளவுதான். பக்கத்தில் கிரேக்கக் கோயில் பாணியில் தூண்கள் நிறுத்திய ஒரு மண்டபம். 2001 மழையில் அது சரிந்து விழுந்தது. சர்க்கார் பணம் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். மேடையில் பசங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சுற்றி நாலாபக்கமும் ஊர் தெரிகிறது. காத்து அடிக்கிறது. செத்தவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆபீசர் கதை சொன்னார். நானும் பிறகு படித்துப் பார்த்தேன். ரேமோன் 1755-ல் பிரான்சின் தென்மேற்கே கஸ்கோனிப் பகுதியில் பிறந்தவன். 1775-ல் கடை வைத்துப் பிழைக்கலாம் என்று நம்ம புதுச்சேரிக்கு வந்து இறங்கினான். வியாபாரத்தைவிடத் துப்பாக்கியில் காசு இருக்கிறது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டான். மைசூரில் ஹைதர் அலி பக்கம் இருந்த பிரெஞ்சுப் படையில் சேர்ந்தான். 1783-ல் புஸ்ஸி திரும்ப வந்தபோது அவனுக்கு உதவித் தளபதி. புஸ்ஸி புதுச்சேரியில் செத்த பிறகு 1786-ல் ஹைதராபாத் நிஜாம் அலிகானிடம் வேலைக்குப் போனான். ஆரம்பத்தில் 300 பேர். அந்த 300 பேருக்கும் சொந்தத் துப்பாக்கிகூடக் கிடையாது, ஒரு துப்பாக்கிக்கு மாசம் எட்டணா என்று வாடகைக்கு எடுத்தான் என்று சொல்வார்கள். (கடன் கணக்கில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. ஈடு இல்லாத கடனில் ஒரு சைன்யம்!) பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அது பதினாலாயிரம் பேர் கொண்ட படை ஆகிவிட்டது. பீரங்கி வார்க்கப் பட்டறை போட்டான். 'தோப் கா சாஞ்சா' என்பார்கள், அந்தப் பகுதிக்கு இன்றைக்கும் கன்ஃபௌண்ட்ரி என்றே பேர். 1798 மார்ச் 25-ல் செத்தான். வயசு 42.

"இதுல என்ன அழகுன்னா சார்" என்று ஆபீசர் நின்றார், "இந்துவும் கும்பிட்டான், முஸ்லிமும் கும்பிட்டான். வருஷா வருஷம் மார்ச் 25-ல் இங்கே உருஸ் மாதிரி விழா நடக்குமாம். ஆறாவது நிஜாம் இருக்காரே, மகபூப் அலிகான், அவர் அந்த நாளில் சமாதிக்கு ஒரு பெட்டி சுருட்டும் ஒரு பாட்டில் பீரும் அனுப்புவாராம். எவ்வளவு பெரிய மனசு பாருங்க! இதுதான் நம்ம தேசத்தோட கலாச்சாரம். சகிப்புத்தன்மை."

எனக்கு என் ஆயா ஞாபகம் வந்தது.

ஆயாவுக்கு அப்பா சாப்பர்ஸ் பட்டாளத்தில் இருந்தவர். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, சண்டைக்கு நடுவே குழி வெட்டுவது, இதற்கென்றே மெட்ராஸ் ராணுவத்தில் இருந்த பிரிவு அது. பறையர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்ச் சேர்ந்த இடம். பர்மா வரைக்கும் போய்விட்டு வந்தவர். அதனால் எங்கள் வீட்டுக்குப் 'பட்டாளத்தார் ஊடு' என்று சேரியில் பேர். அவர் செத்த நாளில் ஆயா வாழையிலை போட்டு, கருவாட்டுக் குழம்பு, ஒரு கட்டுச் சுருட்டு, ஒரு கிளாஸ் சாராயம் வைத்துப் படைப்பாள். "எப்பா, வந்து குடிச்சிட்டுப் போப்பா. எங்களப் பாத்துக்கோ" என்பாள். நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் தமிழ் வாத்தியார் இதைக் கேள்விப்பட்டு வகுப்பில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. செத்தவனுக்குச் சாராயம் ஊற்றுகிற கூட்டம் எங்கேடா படிச்சு முன்னேறப் போகுது? வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்றைக்கு வரைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நிஜாம் அனுப்பினால் சகிப்புத்தன்மை, ஆயா வைத்தால் காட்டுமிராண்டித்தனம். சுருட்டு அதே சுருட்டுதானே அய்யா? புகையிலை அதேதானே?

இதை அங்கே நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை. கீழே இறங்கி இரானி டீ குடிக்கும்போது வேறு ஒன்று சொன்னேன். "சார், வர்ற ஜனவரி ஒண்ணாம் தேதி பூனா பக்கம் பீமா கோரேகாவ் போறதா இருக்கேன். அங்கேயும் இதே மாதிரி ஒரு தூண் இருக்கு." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. "நீங்க படிச்சவரு, கவிஞரு. நீங்க போய்... வெள்ளைக்காரங்கிட்ட கூலி வாங்கிட்டு நம்ம நாட்டு ராஜாவையே எதிர்த்து அடிச்சவங்களோட தூண் சார் அது. துரோகத்துக்கா மாலை போடுவீங்க?"

பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கூலிப்படைக்காரன் சமாதியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற மனுஷர் இவர்!

கோரேகாவ் பற்றித் தெரியாத தோழர்களுக்காக ஒரு நாலு வரி. 1818 ஜனவரி 1. கம்பெனியின் பம்பாய்க் காலாட்படையில் ஏறக்குறைய ஐநூறு பேர், கொஞ்சம் குதிரைப்படை, மெட்ராஸ் பீரங்கிப் படையின் இரண்டு பீரங்கி. கேப்டன் ஸ்டான்டன் தலைமை. எதிரே பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படை. நாள் முழுக்கச் சண்டை, தண்ணிகூட இல்லாமல். பேஷ்வா ஊரைப் பிடிக்க முடியாமல் விலகிப் போனான். 1821-ல் கம்பெனி அங்கே தூண் எழுப்ப ஆரம்பித்தது. செத்த சிப்பாய்கள் 49 பேருடைய பேரைக் கல்லில் வெட்டினார்கள். அதில் 22 பேர் 'நாக்' என்று முடியும். மகர்கள். 1927 ஜனவரி 1-ல் அண்ணல் அம்பேத்கர் அங்கே போய் நின்றார். அதிலிருந்து வருஷா வருஷம் ஜனங்கள் போகிறார்கள்.

பேஷ்வா 'நம்ம நாட்டு ராஜா' என்கிறாரே ஆபீசர், யாருக்கு நம்ம? அந்த ராஜாவின் பூனாவில் தீண்டத்தகாதவன் நடந்த தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொண்டும், எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் மண்சட்டி மாட்டிக்கொண்டும் போகவேண்டியிருந்தது. 1936-ல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார், ஊரே படித்திருக்கிறது. மண்சட்டி மாட்டினவனுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினால் அது துரோகமா? துரோகம் பண்ணவேண்டுமானால் முதலில் நம்பிக்கை என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். சட்டியில் என்னய்யா நம்பிக்கை இருந்தது?

சரி, ரேமோனையே எடுத்துக்கொள்வோம். அவன் யாரை எதிர்த்து அடித்தான்? 1795 மார்ச் 11, கர்தா என்ற இடத்தில் நிஜாமுக்கும் மராட்டியருக்கும் சண்டை. நிஜாம் பக்கம் ரேமோனின் பட்டாளம். எதிர்ப்பக்கம் யார்? இதே பேஷ்வாவின் படைதான்! அப்போது சவாய் மாதவராவ் பேஷ்வா. ஆக, பேஷ்வாவை 1795-ல் ஒரு பிரெஞ்சுக்காரன் சம்பளம் வாங்கிக்கொண்டு எதிர்த்தால் அவனுக்குக் குன்று, தூண், தோட்டம், ரயில்வே ஸ்டேஷன். 1818-ல் ஒரு மகர் சம்பளம் வாங்கிக்கொண்டு எதிர்த்தால் தேசத்துரோகி. இரண்டுக்கும் நடுவே இருபத்துமூணு வருஷ வித்தியாசம். சாதி வித்தியாசம் எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கர்தா பற்றி இன்னொன்று. அது பாடப்புத்தகத்தில் இல்லை, மகர் ஜனங்கள் வாயில் இருக்கிறது. அந்தச் சண்டையில் பேஷ்வா படையோடு சித்நாக் என்று ஒரு மகர் தலைவன் தன் ஆட்களோடு போயிருந்தான். அவன் கூடாரம் மேல்சாதித் தளபதிகள் கூடாரத்துக்குப் பக்கத்தில் இருந்ததாம். தீட்டு! எடுக்கச் சொல்லிப் புகார் போனது. சண்டைக்கு வந்த இடம் பந்தி இல்லை, இங்கே கத்திதான் சாதி என்று ஒரு தளபதி சொல்லி அடக்கினாராம். அப்புறம் சண்டையில் பரசுராம் பாவு பட்வர்தன் எதிரிகள் நடுவே மாட்டிக்கொண்டபோது காப்பாற்றியவன் இந்தச் சித்நாக் என்று சொல்கிறார்கள். ஆக நம்ம ஆள் பேஷ்வாவுக்காகவும் சண்டை போட்டிருக்கிறான். அப்போது மட்டும் என்ன கிடைத்தது? கூடாரத்தைத் தள்ளிப் போடு என்ற உத்தரவு. கர்தா என்றதும் சரித்திரக்காரர்கள் ரேமோனின் பட்டாளத்தைப் பத்திப் பத்தியாக எழுதுகிறார்கள். சித்நாக்கைக் கிழவிகள் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

நம்ம தோழர்களில் சிலரே என்னிடம் கேட்கிறார்கள். கோரேகாவ் தூணை நட்டவன் கம்பெனிக்காரன்தானே, நம்மை உயர்த்தவா நட்டான்? தன் வெற்றியைச் சொல்ல நட்டான். அதைப் போய்க் கும்பிடலாமா? நியாயமான கேள்வி. ஆபீசர் கேட்டதும் இவர்கள் கேட்பதும் ஒன்றில்லை. நானும் ஐநூறு பேர் இருபத்தெட்டாயிரம் பேரை வெட்டிச் சாய்த்தார்கள் என்று மேடையில் முழங்குகிறவன் இல்லை. சண்டையைப் பாட்டாக்கி வீரம் வளர்ப்பதில் எனக்குச் சம்மதமும் இல்லை. அப்படித் தூக்கி நிறுத்தின பிரிட்டிஷ்காரனே 1892-ல் மகர்களைப் பட்டாளத்தில் சேர்க்கிறதை நிறுத்தினான். போர்க்குணம் உள்ள இனம் என்று அவன் போட்ட பட்டியலில் நம்ம பேர் இல்லை. மனு மேல் மனு எழுதினார்கள், பலன் இல்லை. 1941-ல் உலகப்போர் கழுத்தை நெரித்தபோதுதான் மகர் ரெஜிமெண்ட் வந்தது. அதன் சின்னத்தில் முதலில் இருந்தது இந்தக் கோரேகாவ் தூண். வெள்ளைக்காரன் நன்றி உள்ளவன் என்று எவனும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் கல்லில் ஒன்று இருக்கிறது. பேர்.

மூசாராம் குன்றில் நான் திரும்பத் திரும்பத் தூணைச் சுற்றி வந்தேன். ஜே.ஆர். அந்தப் பக்கம் ஜே.ஆர். பதினாலாயிரம் பேர் அவனுக்காக வெயிலில் நின்றான், சுமந்தான், செத்தான். ஒரு பேர்? ஒரு எழுத்து? கிடையாது. அந்தக் கல்லை உடைத்தவன், சுமந்தவன், கூம்பாகச் செதுக்கினவன் பேர்? கிடையாது. கர்தாவில் செத்த சிப்பாய் பேர்? கிடையாது. அவன் செத்த ஏழாவது மாசம் நடந்ததைக் கேளுங்கள். நிஜாம் கம்பெனியோடு 1798 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டுவிட்டான், பிரெஞ்சுப் பட்டாளத்தைக் கலைக்கிறேன் என்று. தளபதியாக இருந்தவன் பிரோன். அக்டோபரில் சிப்பாய்கள் கிளம்பி அதிகாரிகளையே பிடித்து அடைத்துவைத்துவிட்டார்கள். எதற்கு? பிரெஞ்சுக் குடியரசுக்காகவா, நிஜாமுக்காகவா? அரியர்ஸ்! சம்பள பாக்கி! 22-ஆம் தேதி கம்பெனிப் படை பீரங்கியோடு சுற்றி வளைத்தது, ஆயுதத்தைப் போட வைத்தது, கலைந்து போகச் சொன்னது. பிரெஞ்சு அதிகாரிகளைக் கப்பலேற்றப் பத்திரமாகக் கூட்டிப்போனார்கள். சிப்பாய்கள் வந்த வழியே நடந்தார்கள். யூனியனில் இருக்கிற நமக்கு இது புரியாத கதையா? மேனேஜருக்கு வழியனுப்பு விழா, தினக்கூலி ஸ்வீப்பருக்கு நாளையிலேர்ந்து வராதே.

இதில் இன்னொரு கூத்து. ரேமோனின் பட்டாளம் பிரெஞ்சுப் புரட்சியின் மூவர்ணக் கொடியைப் பிடித்தது. சட்டைப் பொத்தானில் சுதந்திரத் தொப்பியைப் பொறித்திருந்தார்கள் என்று கம்பெனிக்காரர்கள் பதறிப்போய் எழுதினார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்! பொத்தானில் சுதந்திரம் இருந்தது, பொத்தானுக்குள்ளே இருந்த நெஞ்சுக்கு யார் எழுதித் தந்தான்? இந்த மூணு வார்த்தையையும் அம்பேத்கர் பிரான்சிலிருந்து கடன் வாங்கினார் என்று நம்ம அறிவுஜீவிகள் இன்றைக்கும் எழுதுகிறார்கள். 1954 அக்டோபர் 3-ஆம் தேதி வானொலியில் அவரே தெளிவாகச் சொன்னார், பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, என் ஆசான் புத்தரிடமிருந்து எடுத்தேன் என்று. அவர் ஏன் அதை அழுத்திச் சொன்னார் என்பது எனக்கு அந்தக் குன்றின்மேல் நின்றபோது புரிந்தது.

கோரேகாவ் தூணை நட்டவன் யோக்கியனா இல்லையா என்பது வேற கேள்வி. அவன் கணக்குக்காக எழுதினானோ, பெருமைக்காக எழுதினானோ, எழுதிவிட்டான். சட்டி மாட்டப்பட்ட கழுத்துக்காரன் பேர் கல்லில் ஏறிவிட்டது. இந்தத் தேசத்தில் எந்தக் கோயில் கோபுரம், எந்தக் கோட்டை, எந்த அரண்மனை வாசலில் நம்ம பேர் வெட்டியிருக்கிறது? அம்பேத்கர் 1927-ல் அங்கே போய்க் கும்பிட்டது கம்பெனியை இல்லை. இந்த 22 பேரை.

அந்தக் கும்பிடுக்கு என்ன கூலி கிடைத்தது என்பதையும் பாருங்கள். 2018 ஜனவரி 1, இருநூறாவது வருஷம். லட்சக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள். காவிக்கொடி பிடித்த கூட்டம் கல்லெறிந்தது, வண்டிகள் எரிந்தன. அதற்கு முந்தின நாள் பூனாவில் பேஷ்வாக்களின் சனிவார் வாடா எதிரே எல்கார் பரிஷத் என்ற கூட்டம் நடந்தது. அதைச் சாக்காக வைத்து 16 பேரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அதில் ஆனந்த் தெல்தும்ப்டே ஒருவர். கோரேகாவைப் புராணமாக்காதீர்கள் என்று அதே 2018 ஜனவரியில் நம்மை நோக்கியே எழுதியவர் அவர்! அவரை 2020 ஏப்ரல் 14-ல், அம்பேத்கர் பிறந்த நாளில், சரணடைய வைத்தார்கள். இன்னொருவர் நம்ம திருச்சி ஜில்லாக்காரர், பாதிரியார் ஸ்டான் சுவாமி. ராஞ்சியில் ஆதிவாசிகளோடு இருந்தவர், பீமா கோரேகாவுக்கு நான் போனதே இல்லை என்று சொன்னவர். நடுக்குவாதத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஜெயிலில் உறிஞ்சு குழாய் கேட்டுக் கோர்ட்டுக்கு மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-ல் கைதியாகவே செத்தார். வயசு 84.

மூசாராம் குன்றுக்குப் போனதற்காக ஒருத்தன்மேலாவது வழக்கு உண்டா? ஆபீசர் சார், உங்கள்மேல் உண்டா?

ரேமோன் கப்பலிலிருந்து இறங்கின புதுச்சேரிக்கே வாருங்கள். கடற்கரையில் காந்தி சிலைக்கு எதிரே பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம். முதல் உலகப்போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்காக 1938-ல் திறந்தது. வருஷா வருஷம் ஜூலை 14-ல் விளக்கு அலங்காரம், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் மெடல் குத்திக்கொண்டு மலர்வளையம் வைக்கிறார்கள். டூரிஸ்டுகள் போட்டோ எடுக்கிறார்கள். வைக்கட்டும், செத்தவனுக்குப் பூ வைப்பதை நான் தடுக்கிறவன் இல்லை. எவனும் அங்கே நின்று 'துரோகி' என்று கத்தவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். ரேமோன் சமாதியை இடிக்கவும் நான் சொல்லவில்லை. நன்றாக இருக்கட்டும். பசங்கள் கிரிக்கெட் ஆட நல்ல மேடை.

என் கேள்வி நிலம் பற்றியது. பிரான்சிலிருந்து வந்தவனுக்கு ஊர் நடுவே குன்று கிடைத்தது. எங்கள் ஊருக்கு வாருங்கள். எங்களுக்கு வாணியம்பாடி பக்கம். 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், செத்துப்போன தலித் ஒருவர் பிணத்தைப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வழி இல்லை. சாதி இந்துக்கள் நிலத்தின் வழியே போகக்கூடாது. என்ன செய்தார்கள்? பாலத்தின் மேலே பாடையை வைத்து, கயிறு கட்டி, இருபது அடிக் கீழே இறக்கினார்கள். கீழே நின்றவர்கள் கையைத் தூக்கி வாங்கினார்கள். வீடியோ ஊரெல்லாம் சுற்றின பிறகு ஹைகோர்ட் தானே முன்வந்து விசாரித்தது.

அந்த வீடியோவை நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே டோக்கன் வைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். பாடை கயிற்றில் ஆடுகிறது. மாலைகூடக் கழலவில்லை, அவ்வளவு கவனமாக இறக்கினார்கள். எத்தனை தடவை இறக்கியிருந்தால் அந்தக் கை அவ்வளவு பழகியிருக்கும்? இருபத்துமூணு அடித் தூண் ஒன்று மேலே நிற்கிறது. இருபது அடிக் கயிறு ஒன்று கீழே தொங்குகிறது. எனக்கு ஹைதராபாத்தில் அந்தத் தூணை அண்ணாந்து பார்த்தபோது கயிறுதான் தெரிந்தது. ஆபீசர் பக்கத்தில் நின்று 'கட்டடக்கலை' என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கலாச்சாரம், பாரம்பரியம் என்று பேசுகிற பேரவைகளுக்கும் நடைப்பயணக் குழுக்களுக்கும் ஒரு அழைப்பு. சனிக்கிழமை காலையில் வெள்ளைக்காரன் கல்லறைகளைத் தடவிப் பார்க்கிற நீங்கள் ஒரு சனிக்கிழமை எங்கள் சுடுகாட்டுப் பாதைக்கு வாருங்கள். பாதை எங்கே முடிகிறது, முள்வேலி எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டுகிறோம். அதுவும் பழமையானதுதான். உங்கள் தூணைவிடப் பழமையானது. மழையில் சரிந்தால் அரசாங்கம் பணம் போட்டுக் கட்டவேண்டிய அவசியம் இருக்காது, ஊரே ஒற்றுமையாகத் திரும்பக் கட்டிவிடும்.

ஆயா படைத்த இலைக்கு முன்னால் ஒரு போட்டோ இருந்தது. பட்டாளத்துத் தொப்பியோடு தாத்தா. பின்னால் பென்சிலில் அவர் நம்பர் எழுதியிருந்தது, பேர் இல்லை. பட்டாளத்தில் நம்பர்தான். ஆயா செத்த பிறகு அந்தப் போட்டோவை நான் எடுத்து வந்துவிட்டேன். நம்பருக்குப் பக்கத்தில் பேனாவால் அவர் பேரை எழுதினேன். போன மாசம் படையலும் போட்டேன், பிளாட்டில், கதவைத் திறந்துவைத்து. சுருட்டு, சாராயத்துக்குப் பதில் பீர். நிஜாமுக்கே அதுதானே வழக்கம்! எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜனவரி ஒண்ணாம் தேதிக்கு முன்னும் பின்னும் சேர்த்து நாலு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாரத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக 'சொந்த வேலை' என்று எழுதுவேன். இந்தத் தடவை 'மூதாதையர் நினைவு நாள்' என்று எழுதினேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எந்த ஊர்ல சார் உங்க மூதாதையர்?" என்று கேட்டார். பூனா பக்கம் என்றேன். கையெழுத்து இன்னும் ஆகவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டேன்.